சும்மா கெடந்த இந்தி, வாரத்துல ரெண்டு காலை

"சேவை செய்தால் மனம் நிறையும்"னு ரோஜாப்பூ படம் போட்டு காலங்காத்தால வர்ற மெசேஜைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும், இன்னைக்கும் வரும். அனுப்பறவங்கள்ல முக்கால்வாசி பேர் எங்கயும் போய் ஒரு துரும்பைக் கூட நகர்த்தினவங்க கிடையாது. ஆனா சில வருஷமா வாரத்துல ரெண்டு காலை, வேலூருக்கு வைத்தியத்துக்கு வர்ற வடக்கத்திக்காரங்களுக்கு இந்தி, பெங்காலியில பேசி உதவற வேலை ஒண்ணு செய்யறேன், அதனால ஆளே மாறிட்டேன்னு தெரிஞ்சவங்க எல்லாம் சொல்றாங்க, எப்படிக்கா ஆரம்பிச்சீங்க, எங்களுக்கும் சொல்லுங்கன்னு கேட்டுகினே இருக்காங்க, ஒவ்வொருத்தருக்கும் போன்ல சொல்லி வாய் வலிக்குது. அதான் ஒரேயடியா எழுதிடலாம்னு உக்காந்துட்டேன், நீளமா போச்சுன்னா பொறுத்துக்கோங்க.

நான் பட்டாளத்துக்காரர் பொண்டாட்டி. வேலூர் பக்கம் இது பெரிய விஷயமே இல்ல, வீட்டுக்கு ஒருத்தர் மிலிட்டரின்னு இருக்கற ஊருங்க இங்க நிறைய, கணியம்பாடி பக்கம் இருக்கற கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டைன்னே சொல்லுவாங்க. வீட்டுக்காரர் ராணுவத்துல தகவல் தொடர்பு பார்க்கற சிக்னல்ஸ் பிரிவுல இருந்தார். கல்யாணம் ஆன புதுசுல ஜபல்பூர், அப்புறம் ராம்கர், அப்புறம் வங்காளத்துல பின்னாகுரின்னு குவார்ட்டர்ஸ் குவார்ட்டர்ஸா மாறி மாறி இருந்ததுல இந்தி நல்லா வந்துடுச்சு, பெங்காலி அரைகுறையா வந்துச்சு. அங்க யாரும் உக்கார வெச்சு சொல்லித் தரல, காய்கறிக்காரன்கிட்ட பேரம் பேசியும் பக்கத்து குவார்ட்டர்ஸ் பொம்பளைங்ககிட்ட சண்டை போட்டும் கத்துக்கிட்டது.

அவர் ரிடையர் ஆகி சத்துவாச்சாரியில வீடு கட்டி வந்து சேர்ந்தோம். அவருக்கு ஒரு பேங்க்ல கார்டு வேலை கெடைச்சுது, காலையில போனா சாயந்திரம்தான். பொண்ணு ஓசூர்ல, பையன் பெங்களூர்ல. எனக்கு சமையல் பத்து மணிக்கு முடிஞ்சிடும், அதுக்கப்புறம் வீட்டுல நானும் டிவியும்தான். மத்தியானம் தூங்குவேன், அதனால ராத்திரி தூக்கம் வராது, அதனால காலையில எழுந்திருக்கும்போதே எல்லார் மேலயும் கோவம். பொண்ணு போன் பண்ணா "உனக்கு இப்பதான் அம்மா ஞாபகம் வந்துச்சா"ன்னு ஆரம்பிப்பேன், பண்ணலன்னா அதுக்கும் ஒரு மூஞ்சி. டாக்டர்கிட்ட போனா எல்லா டெஸ்ட்டும் நார்மல், வாக்கிங் போங்கம்மான்னு அனுப்பிட்டார். வாக்கிங் போனேன், போற வழியெல்லாம் யார் மேல கோவப்படலாம்னு யோசிச்சுகினே போனேன்.

அப்ப சொந்தக்காரப் பொண்ணு ஒருத்தி என்னை ஒரு மரம் நடற குரூப்புல சேர்த்துவிட்டா. ஞாயித்துக்கிழமை காலையில பாலாத்தங்கரைக்குப் போவோம், பச்சை டீஷர்ட்டு, பேனர், குழி தோண்டி செடி வெச்சதும் வரிசையா நின்னு போட்டோ, இட்லி வடை, வீட்டுக்கு. செடிக்கு யார் தண்ணி ஊத்தறதுன்னு மட்டும் யாரும் பேசல. நம்மூர் வெயில் தெரியும்ல, அக்னி நட்சத்திரத்துல நாப்பது டிகிரியைத் தாண்டும், பாலாறும் 2021 நவம்பர் மாதிரி என்னைக்காவது பொங்கி வந்தாதான் ஆறு, மத்த நாள்ல மணலும் முள்ளும்தான். ரெண்டு கோடை தாண்டற வரைக்கும் தண்ணி ஊத்த ஆள் இல்லாம வெக்கற செடி போட்டோவுக்கு வெக்கற செடி. மறுபடி அந்தப் பக்கம் போனப்ப குச்சிங்க நின்னுகினு இருந்துச்சு. எனக்கு மனசு நிறையறது இருக்கட்டும், இன்னும் எரிச்சல்தான் வந்துச்சு. மரம் நடறது தப்புன்னு சொல்லல, தெனம் தண்ணி ஊத்தற குரூப்புங்களும் இருக்காங்க, அவங்க பேனர் பிடிக்கறதில்ல அதனால நம்ம கண்ணுல படறதில்ல. பொறந்த நாளைக்கு ஒரு ஹோமுக்குப் போய் சாப்பாடு போடறதும் செஞ்சு பார்த்தோம். நாங்க போன அன்னைக்கு அந்தப் பசங்களுக்கு அது ரெண்டாவது பிரியாணி, பாவம் யாருக்கோ பாட்டு பாடி கை தட்டி, திரும்ப எங்களுக்கும் பாடுச்சுங்க. அதோட அதையும் விட்டுட்டோம்.

இந்தி எப்படி உள்ள வந்துச்சுன்னா, காந்தி ரோடு பக்கம் மருந்துக்கடை வெச்சிருக்கற அண்ணன் ஒருத்தர் எங்களுக்குத் தூரத்து சொந்தம். பிரஷர் மாத்திரை வாங்கப் போனா கடையில எப்பவும் வடக்கத்திக் கூட்டம், அவர் சொல்றது அவங்களுக்குப் புரியாது, அவங்க கேக்கறது இவருக்குப் புரியாது. "யம்மா நீ பட்டாளத்துல இருந்தவதானே, இவங்க இன்னாதான் கேக்கறாங்கன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லேன்"னார். கேட்டுச் சொன்னேன். அடுத்த ஆள் வந்தார், அவருக்கும். அப்படியே ஒரு மணி நேரம் நின்னுட்டேன். வீட்டுக்கு வந்தப்பதான் கவனிச்சேன், அந்த ஒரு மணி நேரத்துல எனக்கு யார் மேலயும் கோவமே வரல.

வேலூருக்கு ஏன் இவ்வளவு வடக்கத்திக்காரங்கன்னு வெளியூர்க்காரங்களுக்குத் தெரியாது. எல்லாம் சிஎம்சி, அதாவது கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியாலதான். 1900ல ஐடா ஸ்கடர் அம்மா ஒரே ஒரு கட்டில் போட்டு ஆரம்பிச்சது. அந்தம்மா கதை தெரியும்ல, டாக்டர் ஆகணும்னு நெனச்சே வரலயாம், அமெரிக்காவுல படிச்சுகினு இருந்த பொண்ணு அம்மாவுக்கு உடம்பு சரியில்லன்னு வந்துச்சு. வந்த எடத்துல, திண்டிவனத்துல, ஒரே ராத்திரியில மூணு வீட்டு ஆம்பளைங்க பிரசவத்துக்கு உதவி கேட்டு வந்தாங்க. எங்க அப்பா டாக்டர், அவர் வருவார்னு இவங்க சொன்னதுக்கு ஆம்பளை டாக்டர் வேணாம்னுட்டாங்க, விடியறதுக்குள்ள மூணு பொண்ணும் செத்துப்போச்சு. அப்புறம்தான் திரும்பிப் போய் டாக்டருக்குப் படிச்சு வேலூருக்கு வந்தது. இன்னைக்கு வங்காளம், ஜார்க்கண்ட், பீகார், அசாம், பங்களாதேஷ்னு அத்தனை பேரும் இங்க வர்றாங்க. தன்பாத்–ஆலப்புழா எக்ஸ்பிரஸ் காட்பாடியில நிக்கும்போது பாருங்க, எக்ஸ்ரே கவரை மடியில வெச்சுகினு ஒன்றரை நாளுக்கு மேல உக்காந்து வந்த சனம் எறங்கும். ஆஸ்பத்திரியைச் சுத்தி தோட்டப்பாளையம், காந்தி ரோடு எல்லாம் லாட்ஜுதான், கடை போர்டெல்லாம் பெங்காலியில, மீன் சோறு மெஸ், ரூம்லயே சமைச்சுக்க அடுப்பும் பாத்திரமும் வாடகைக்குக் கெடைக்கும். நம்மூர் உருது பேசற ஆட்டோ பாய்ங்கதான் ரொம்ப காலமா இவங்களுக்கு வழிகாட்டி, அதுக்கு யாரும் அவங்களுக்கு மாலை போட்டதில்ல.

மருந்துக்கடை அண்ணன், ஒரு ஆட்டோ பாய், ரிடையர் ஆன நர்ஸக்கா ஒருத்தங்க, லாட்ஜ் மேனேஜர் ரெண்டு பேர், இந்தி டியூஷன் எடுக்கற ஒரு டீச்சர், இப்படி ஒரு சின்ன கும்பல் சேர்ந்துச்சு. பேரு கிடையாது, ரிஜிஸ்டர் கிடையாது, ஒரு வாட்ஸ்அப் குரூப் மட்டும். எனக்கு செவ்வாயும் வெள்ளியும் காலையில ஆறரையில இருந்து பதினொண்ணு வரைக்கும். பாகாயம்–காட்பாடி டவுன் பஸ் இருக்கு, 2021ல இருந்து லேடீஸுக்கு டிக்கெட் இல்ல, அதனால எனக்கு இதுல கைக்காசு செலவே இல்ல. இதை ஏன் சொல்றேன்னா சேவைன்னா காசு இருக்கறவங்க பண்றதுன்னு நானும் ரொம்ப நாள் நெனச்சிருந்தேன்.

வேலைன்னு பார்த்தா சினிமாவுல காட்ற மாதிரி ஒண்ணும் கிடையாது. பெரிய ஆஸ்பத்திரிங்க உள்ள இந்தி, பெங்காலி பேசற ஸ்டாஃப் இருக்காங்க, டாக்டருங்களும் பேசுவாங்க. சிக்கலெல்லாம் வெளிய வந்தப்புறம்தான். உதாரணத்துக்கு வெறும் வயித்துல ரத்தம் எடுக்கறது. சீட்டுல எழுதித்தான் கொடுக்கறாங்க, ஆனா வங்காளத்துக்காரங்களுக்குக் காலையில கண்ணு முழிச்சதும் ஒரு டீ ஒரு பிஸ்கட், அது அவங்க கணக்குல சாப்பாடே இல்ல. டீ குடிச்சுட்டு லைன்ல போய் நிப்பாங்க, அங்க கேப்பாங்க, அனுப்பிடுவாங்க, அன்னைக்கு டெஸ்ட் போச்சு, ஒரு நாள் லாட்ஜ் வாடகை போச்சு, ரிசல்ட் தள்ளிப் போனதால டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டும் தள்ளிப் போகும், ரயில் டிக்கெட்டும் கேன்சல். ஒரு டம்ளர் டீக்கு இவ்வளவும். அதனால முந்தின நாள் சாயந்திரமே லாட்ஜ் மேனேஜர் லிஸ்ட் அனுப்புவார், நான் வீட்டுல இருந்தே போன் போட்டு "ராத்திரி சாப்பாட்டுக்கப்புறம் தண்ணி மட்டும்தான், டீ கூடாது, பால் கூடாது, பீடா கூடாது"ன்னு ஒவ்வொண்ணா சொல்லுவேன். பீடாவை மறக்காம சொல்லணும். சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு எடுக்கற சுகர் டெஸ்ட்டுக்கு எப்ப சாப்பாடு ஆரம்பிச்சாங்கன்னு பார்த்து போன்ல அலாரம் வெச்சுக் கொடுப்பேன்.

அப்புறம் மாத்திரை. அட்டை மேல காலைன்னா சூரியன், ராத்திரின்னா நிலா, சாப்பாட்டுக்கு முன்னன்னா காலித்தட்டு, பின்னன்னா சோறு இருக்கற தட்டுன்னு பேனாவுல வரைஞ்சு கொடுப்போம். சீட்டைப் பார்த்து முதல்ல மருந்துக்கடை அண்ணன் சொல்லணும், நான் வரையணும், அப்புறம் அந்த ஆளு என்கிட்ட திருப்பிச் சொல்லணும், அப்பதான் விடுவேன். புரிஞ்சுதான்னு கேட்டா எல்லாரும் தலையாட்டுவாங்க, அதை நம்பவே கூடாது, திருப்பிச் சொல்ல வெக்கணும்னு நர்ஸக்கா சொல்லிக் கொடுத்தது. வீட்டுல மாமியார் மாமனாருக்கு மாத்திரை கொடுக்கறவங்களும் இதைச் செஞ்சு பாருங்க.

ரயில் டிக்கெட் விஷயமும் நிறைய பேருக்குத் தெரியறதில்ல. கேன்சர் பேஷண்ட்டு வைத்தியத்துக்குப் போக வர ஸ்லீப்பர்ல டிக்கெட்டுக்கே முழு சலுகை, கூட போற ஒருத்தருக்கும் சலுகை உண்டு. தலசீமியா (ரத்தம் சரியா ஊறாத பரம்பரை வியாதி), இதய ஆபரேஷன், டயாலிசிஸ் பேஷண்ட்டுங்களுக்கும் சலுகை இருக்கு. ஆஸ்பத்திரியில அதுக்குன்னு இருக்கற ஃபாரத்துல சர்ட்டிபிகேட் வாங்கிகினு ரிசர்வேஷன் கவுண்டருக்கு நேர்ல போகணும். இதைச் சொல்ல எனக்கு ரெண்டு நிமிஷம், அவங்களுக்கு மிச்சமாகற காசுல கொஞ்ச நாள் சாப்பிடலாம்.

நர்ஸக்கா ரொம்ப கறார். சேர்ந்த அன்னைக்கே சொல்லிட்டாங்க. டாக்டர் சொன்னதைத் தவிர ஒரு வார்த்தை கூடவோ கம்மியாவோ சொல்லக்கூடாது, எங்க மாமாவுக்கும் இதே வியாதி கீழாநெல்லி குடிச்சு சரியாச்சுன்னு கதை விடக்கூடாது. காசு கொடுக்கவும் கூடாது வாங்கவும் கூடாது, அவங்க பணப்பையைப் பிடிச்சுக்கக் கூட கூடாது. லாட்ஜ் ரூமுக்குள்ள தனியா போகக்கூடாது. எந்த லாட்ஜ், எந்த ஸ்கேன் சென்டர்னு கைகாட்டி கமிஷன் வாங்கினா அன்னையோட குரூப்ல இருந்து தூக்கிடுவேன்னாங்க, ஏன்னா அந்த ஏரியாவுல புரோக்கருங்க தொல்லை உண்டு, நம்மளையும் அதுல ஒருத்தின்னு நெனச்சுட்டா அப்புறம் யாரும் வாயே தெறக்க மாட்டாங்க. போட்டோ கூடவே கூடாது. இதுல எனக்குக் கஷ்டமா இருந்தது வேற ஒண்ணு, "எல்லாம் சரியாயிடும், கவலைப்படாதீங்க"ன்னு சொல்லக்கூடாதுன்னாங்க. நமக்கு அது மூச்சு விடற மாதிரி தானா வாயில வந்துடும். சரியாகுமான்னு உனக்குத் தெரியுமா, தெரியாதுல்ல, அப்ப சொல்லாத, சாப்பிட்டீங்களான்னு கேளு, அது போதும்னாங்க.

இப்ப மகிழ்ச்சி கதைக்கு வர்றேன், ஏன்னா எல்லாரும் அதைத்தான் கேக்கறீங்க. சந்தோஷமா இருக்கணும்னுதான் நான் இதுக்குப் போனேன், அதைச் சொல்ல எனக்கு வெக்கமில்ல. ஆனா அது வந்த வழி நான் நெனச்ச வழி இல்ல. நன்றி சொல்லுவாங்க, கண்ணு கலங்குவாங்க, அதைப் பார்த்து மனசு நிறையும்னு நெனச்சா ஏமாந்துடுவீங்க. உடம்பு சரியில்லாதவங்களும் கூட இருக்கறவங்களும் பயத்துல இருக்காங்க, தூக்கம் இல்ல, காசு கரையுது, நன்றி சொல்லவெல்லாம் தெம்பு எங்க இருக்கும். ஒருத்தர் என்னை "உனக்கு இதுல எவ்வளவு கமிஷன்"னே கேட்டார், இன்னொரு அம்மா நான் சொன்னதையெல்லாம் கேட்டுட்டு, சரியா இருக்கான்னு பக்கத்துல நின்ன ஆட்டோக்காரர்கிட்ட ஒரு வாட்டி கேட்டுக்கிட்டாங்க. எனக்கு அன்னைக்கு சிரிப்புதான் வந்துச்சு, நானா இருந்தாலும் அப்படித்தான் செஞ்சிருப்பேன்.

எனக்கு சந்தோஷம் எதுலன்னா, என்கிட்ட சும்மா கெடந்த ஒண்ணு வேலைக்கு வந்துச்சு. இத்தனை வருஷம் ஊர் ஊரா பெட்டி தூக்கினதுல எனக்குன்னு என்ன மிச்சம், அவருக்குப் பென்ஷன் இருக்கு மெடல் இருக்கு எனக்கு என்ன இருக்குன்னு உள்ளுக்குள்ள ஒரு புழுங்கல் இருந்துச்சு, வெளிய யார்கிட்டயும் சொன்னதில்ல. பின்னாகுரியில மீன்காரிகிட்ட சண்டை போட்டுக் கத்துக்கிட்ட பெங்காலி ஒரு நாள் ஒரு கிழவருக்கு இன்சுலின் எப்ப போடணும்னு புரிய வெச்சுது பாருங்க, அப்ப அந்தப் புழுங்கல் கொஞ்சம் எறங்குச்சு. இன்னொண்ணு, செவ்வாய்க்கிழமை காலையில ஆறரைக்கு நான் வரலன்னா யாராவது போன் பண்ணி "இன்னாக்கா ஆளைக் காணோம்"னு கேப்பாங்க. வீட்டுல இருக்கும்போது என்னை அப்படி யாரும் தேடினதில்ல. சீக்கிரம் எழுந்திருக்கணும்னு ராத்திரி பத்துக்கே படுக்க ஆரம்பிச்சேன், மத்தியானத் தூக்கம் தானா போச்சு, தூக்கம் சரியானதும் பாதி கோவம் போச்சு. பொண்ணு போன் பண்ணா எனக்கும் சொல்றதுக்குக் கதை இருந்துச்சு, குறை மட்டும் சொல்லிகினு இருந்த வாய்க்கு வேற வேலை கெடைச்சுது.

நடுநடுவுல சின்னச் சின்ன வேடிக்கையும் உண்டு. லாட்ஜ்ல ஒரு பெங்காலி அம்மாவுக்கு இங்க கெடைக்கற காய் எதுவும் பிடிக்கல, புருஷன் ஆபரேஷன் முடிஞ்சு படுத்திருக்கார், இந்தம்மா சரியாவே சாப்பிடறதில்ல. நான் நம்ம இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய் ரெண்டு வாங்கிக் கொடுத்தேன், 2023ல புவிசார் குறியீடு வாங்கின காய் சும்மாவா. காம்புல முள்ளைப் பார்த்து பயந்துட்டாங்க. அப்புறம் வட்ட வட்டமா தடிமனா வெட்டி மஞ்சளும் உப்பும் தடவி கடுகெண்ணெயில பொரிச்சு எனக்கும் ரெண்டு துண்டு கொடுத்தாங்க. கடுகெண்ணெய் வாடை எனக்கு ஜபல்பூர் காலத்துல இருந்தே ஆகாது, ஆனா கத்திரிக்காய் சூப்பர்.

வீட்டுக்காரர் ஆரம்பத்துல மொணமொணத்தார். செவ்வாய் வெள்ளி காலை டிபன் யார் பண்றதுன்னு பிரச்சனை. ராத்திரியே மாவு எடுத்து வெச்சுட்டுப் போவேன், தோசை நீங்களே ஊத்திக்கோங்கன்னேன், பட்டாளத்துல ஊத்தாத தோசையா. அவர் இதுக்குள்ள வந்தது ரத்தத்தால. ரத்தப் புற்றுநோய், தலசீமியான்னு வர்ற பசங்களுக்கு ரத்தம் தேவைப்பட்டுகினே இருக்கும், வெளியூர்ல இருந்து வந்த அப்பா அம்மாவுக்கு இங்க யாரைத் தெரியும். அதுலயும் ரத்தத்தை உறைய வெக்கற பிளேட்லெட் அணுவை அஞ்சு நாளைக்கு மேல வெக்க முடியாது, அதனால இருப்பு வெச்சுக்கலாம்னு நெனக்க முடியாது, ஆளு வந்துகினே இருக்கணும். நான்தான் முதல்ல கொடுக்கப் போனேன், ஹீமோகுளோபின் பன்னிரண்டரை இருக்கணும், எனக்குப் பதினொண்ணுதான், போய் முருங்கைக்கீரை சாப்பிடுங்கம்மான்னு அனுப்பிட்டாங்க. வந்து இவர்கிட்ட சொன்னேன், "நாப்பத்தஞ்சு கிலோ இருந்தா போதும், அறுபத்தஞ்சு வயசு வரைக்கும் கொடுக்கலாம், உங்களுக்கு ரெண்டுமே இருக்கு"ன்னு. ஒண்ணும் பேசாம ஞாயித்துக்கிழமை போய் கொடுத்துட்டு வந்தார். அடுத்த வாரம் எக்ஸ் சர்வீஸ்மேன் சங்கத்துல பேசி ஒரு நோட்டு போட்டுட்டார், யாருக்கு எந்த குரூப், கடைசியா எப்ப கொடுத்தது, ஆம்பளைங்கன்னா மூணு மாசம் பொம்பளைங்கன்னா நாலு மாசம் கழிச்சு அடுத்த தேதின்னு சிகப்பு மையில. மிலிட்டரி ஒழுங்கு. வீட்டுல ஒரு வெங்காயம் எங்க இருக்குன்னு தெரியாத மனுசன் இதுல ஒரு தேதி தப்ப விடறதில்ல. நாங்க ரெண்டு பேரும் ராத்திரி பேசிக்கறதுக்கு பசங்களைத் தவிர வேற விஷயம் வந்தது கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழிச்சு அப்பதான்.

கஷ்டமான பக்கத்தையும் சொல்லணும். எல்லாரும் குணமாகிப் போறதில்ல. ராம்கர் பக்கத்துல இருந்து ஒரு அம்மா மகனைக் கூட்டிகினு வந்திருந்தாங்க, நாங்க இருந்த ஊருங்கறதால எனக்கு அவங்ககிட்ட ஒரு ஒட்டுதல். பையன் துறுதுறுன்னு இருப்பான், என்னை மாஷி, அதாவது சித்தின்னுதான் கூப்பிடுவான், ஆட்டோ பாயோட தொப்பியை எடுத்துப் போட்டுக்குவான். இனிமே செய்யறதுக்கு இல்ல, ஊருக்குக் கூட்டிகினு போங்க, வலி தெரியாம இருக்க மருந்து தர்றோம்னு டாக்டருங்க சொல்லிட்டாங்க. அந்த வலி மருந்தை எப்படி எத்தனை மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடுக்கணும்னு நான்தான் அந்தம்மாவுக்கு வரைஞ்சு கொடுத்தேன். அதுக்கப்புறம் ரெண்டு வாரம் நான் போகல. நர்ஸக்கா போன் பண்ணி வா வான்னு கூப்பிடல, வர்றப்ப வா, உன் செவ்வாயை டீச்சர் பார்த்துக்குவாங்கன்னு மட்டும் சொன்னாங்க. தனியா சேவை பண்றேன்னு கெளம்பறவங்களுக்கு நான் சொல்றது இதுதான், குரூப்பா இருங்க, உங்க இடத்துல நிக்க இன்னொருத்தர் இருக்கணும், இல்லன்னா முதல் அடியிலயே படுத்துடுவீங்க. ஊருக்குப் போனவங்களுக்கு நாங்களா போன் பண்ணி எப்படி இருக்காங்கன்னு கேக்கறதில்லன்னு ஒரு வழக்கம் வெச்சிருக்கோம். கல்நெஞ்சுன்னு சிலர் சொல்லுவாங்க. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ற கஷ்டத்தை அவங்களுக்குக் கொடுக்க வேணாம்னுதான். அவங்களா பண்ணா பேசுவோம், எவ்வளவு நேரம்னாலும்.

என் பொண்ணு படிச்சவ, ஏதாவது ஒண்ணைத் தேடி எடுத்து எனக்கு அனுப்பிகினே இருப்பா. 2012ல வந்த ஒரு அமெரிக்க ஆராய்ச்சி, விஸ்கான்சின்ல 1957ல பள்ளிக்கூடம் முடிச்சவங்களை வயசான வரைக்கும் தொடர்ந்து பார்த்திருக்காங்க. மத்தவங்களுக்காகன்னு தன்னார்வ வேலைக்குப் போனவங்கள்ல நாலு வருஷத்துல செத்தவங்க கம்மியாம். தனக்கு நல்லதுன்னு போனவங்களுக்கு அந்தப் பலன் இல்ல, போகாதவங்க அளவுக்குத்தான். "அப்ப உனக்கு ஆயுசு கூடப் போறதில்லம்மா, நீ சந்தோஷத்துக்குப் போனவ"ன்னு கிண்டல் பண்ணா. ஆனா அடுத்த வருஷம், 2013ல, இந்த மாதிரி ஆராய்ச்சிங்களை எல்லாம் மொத்தமா சேர்த்துப் பார்த்தப்ப, தன்னார்வ வேலை செய்யறவங்களுக்கு மனச்சோர்வு கம்மி, ஆயுசு கூடன்னு தெரியுது, ஆனா ஆளுங்களைக் குலுக்கல்ல ரெண்டா பிரிச்சு ஒரு பாதியை மட்டும் இந்த வேலைக்கு அனுப்பி சோதனை பண்ணிப் பார்த்ததுல அது உறுதியாகலன்னு எழுதியிருக்காங்க. எனக்கு அது சரின்னுதான் படுது. கால் கை நல்லா இருக்கறவதானே காலையில ஆறரைக்கு பஸ் ஏற முடியும், அப்ப அவ கூட நாள் இருக்கறதுல என்ன அதிசயம். அதனால பிரஷர் குறையும், சுகர் குறையும்னு நெனச்சு இதுக்கு வராதீங்க. என் பிரஷர் மாத்திரை அப்படியேதான் இருக்கு.

எங்க ஊர்ல இல்லாதவங்க எங்கிருந்து ஆரம்பிக்கறதுன்னு கேட்டா, உங்ககிட்ட என்ன சும்மா கெடக்குன்னு முதல்ல பாருங்க. ஊருக்கு என்ன தேவைன்னு ஆரம்பிச்சா லிஸ்ட்டு பெருசா போய் மலைச்சுப் போய் உக்காந்துடுவோம். நிறுத்தி நிதானமா சத்தமா படிக்க வருமா, பார்வை இல்லாத பசங்களுக்குப் பாடத்தைப் போன்ல பேசி ரெக்கார்டு பண்ணிக் கொடுக்கலாம். எழுத்து நல்லா இருந்தா பரிட்சை எழுதிக் கொடுக்கப் போகலாம், ஆனா முன்னாடியே விதியைக் கேட்டுக்கோங்க, பல பரிட்சைங்கள்ல எழுதிக் கொடுக்கறவங்க படிப்பு பரிட்சை எழுதற பிள்ளையை விட கம்மியா இருக்கணும், எம்.ஏ. படிச்சுட்டு போய் நின்னா திருப்பி அனுப்புவாங்க. எங்க தெருவுல ரெண்டு பொண்ணுங்க 2021ல இல்லம் தேடிக் கல்வி வந்தப்ப சாயந்திரத்துல பசங்களை உக்கார வெச்சு சொல்லிக் கொடுத்தாங்க, அதுல ஒருத்திக்கு டீச்சர் வேலைதான் தனக்குன்னு அப்பதான் தெரிஞ்சுது. நேரத்தை சின்னதா வெச்சுக்கோங்க, ஆனா கெழமையை மாத்தாதீங்க. நேரம் கெடைக்கறப்ப வர்றேன்னு சொன்ன யாரும் எங்ககிட்ட நிலைச்சதில்ல. மூணு மாசம் போய்ப் பாருங்க, ஒத்து வரலன்னா சொல்லிட்டு நின்னுடுங்க, அதுல தப்பே இல்ல, சொல்லாம நிக்கறதுதான் தப்பு. வீட்டுல வேலை தலைக்கு மேல இருக்கறவங்க, சின்னக் குழந்தை வெச்சிருக்கறவங்க, படுத்த படுக்கையா இருக்கற மாமியாரைப் பார்க்கறவங்க இதையெல்லாம் படிச்சுட்டு நாம ஒண்ணும் பண்ணலயேன்னு நெனக்க வேணாம், நீங்க பண்றதுக்கு யாரும் பேர் வெக்கல அவ்வளவுதான்.

வேலூர், ராணிப்பேட்டை பக்கம் இருக்கறவங்களுக்கு ஒண்ணு கேக்கணும். எங்ககிட்ட இந்திக்கு ஆள் இருக்கு, பெங்காலிக்கு நானும் ஆட்டோ பாயும் எப்படியோ சமாளிக்கறோம். அசாமியும் ஒடியாவும் பேசற ஆள்தான் இல்ல. தேஜ்பூர், ஜோர்ஹாட்னு குவார்ட்டர்ஸ்ல இருந்துட்டு வந்த பட்டாளத்து வீட்டுப் பொம்பளைங்க கணியம்பாடி சுத்துவட்டாரத்துல கட்டாயம் இருப்பீங்க, இலக்கணமா பேச வேணாம், மார்க்கெட்ல பேரம் பேசற அளவுக்கு இருந்தா போதும். வியாழக்கிழமை காலை இப்போதைக்கு ஆள் இல்லாம காலியாத்தான் இருக்கு.